அட்டைப்படத்தில் லூர்தக்கா

1

முதலில் அவளைப் பேருந்து நிறுத்தத்தில்தான் பார்த்தேன்.

நெதர்லாந்தில் நவம்பர் மாதம் காலை வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார்கள். நடுவில் சூரியன் வந்ததா என்று வீட்டில் இருந்தவர்களைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேலை பார்ப்பது ஊத்ரெக்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றில், நெஞ்சுநோய்ப் பிரிவில். அன்று காலை மழை. நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விளம்பரம் ஒட்டுகிற இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தின நாள்வரை அங்கே ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது. அன்று அங்கே என் அக்கா நின்றாள்.

தலையில் விறகுக் கட்டு. பின்னால் மேகம் இறங்கிய மலைப்பாதை. ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, முந்தானையின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் லூர்தக்கா. செத்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

அவள் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் டச்சு மொழியில், 'யாருடைய நெருப்பு?' என்று இருந்தது. காலடியில், பூமி சூடாவதைப் பற்றியும் எரிசக்திக் கொள்கையைப் பற்றியும் பொதுக்கூட்டம், அனைவரும் வரலாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. ஓட்டுநர் என்னைத் தெரிந்தவர். "ஏறவில்லையா அம்மா?" என்று கேட்டார். நான் அவரிடம், "எங்கக்காங்க" என்றேன். தமிழில் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வழியில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் பல நிறுத்தங்கள். அடுத்த பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பாதிக்குமேல் நிறுத்தங்களில் அக்கா நின்றிருந்தாள். எல்லா இடத்திலும் மழை, எல்லா இடத்திலும் அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து வந்த வாரங்களில் வேலைக்குப் போவதும் வருவதும் எனக்கு அவளைக் கடந்துபோவதாகவே இருந்தது.

2

உங்களில் ஏற்காடு போனவர்கள் ஏரியையும் படகையும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருந்தது அதையெல்லாம் தாண்டி, தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் லைன் வீட்டில். வரிசையாகச் சேர்த்துக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்குத்தான் லைன் என்று பெயர். ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு, கூரையோரம் கையகலத் துவாரம். அம்மா போனபோது எனக்கு நடக்கக்கூடச் சரியாகத் தெரியாதாம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்தாள். என்னை மட்டும் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்த்தாள்.

"ஊட்டுக்குள்ள நொம்பப் புகையா இருக்குது. நீ வெளிய உக்காந்து படி சாமி."

தினமும் காலையும் சாயங்காலமும் இதைச் சொல்வாள். மழைக்காலத்தில் மட்டும் என்னை வாசற்படியில் உட்காரவைத்து மேலே ஒரு சாக்கைப் போட்டுவிடுவாள். நான் வெளியில் படித்தேன். அவள் உள்ளே இருந்தாள். நான் செவிலியர் படிப்பு முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சபை ஆட்கள் மூலமாக இந்த நாட்டுக்கு வந்தது இப்படித்தான்.

அக்காவை எஸ்டேட்டில் வேலை செய்த அந்தோணி மாமா கட்டிக்கொண்டார். பிள்ளை இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் விடுமுறையில் போயிருந்தபோது அவள் இருமுவதைக் கேட்டேன். அப்போதே இங்கே நெஞ்சுநோய்ப் பிரிவில் எனக்குப் பல வருட அனுபவம். அந்த இருமல் எங்கே கொண்டுபோய் விடும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. சேலத்துக்கு அழைத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பீடி எத்தனை வருஷமா குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க டாக்டரு, என்னையப் பாத்தா பீடி குடிக்கறவளாட்டவா இருக்குது?" என்று கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினாள். டாக்டரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில், அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள். "போன வாட்டி கவாத்தப்போ ஒரு வெள்ளைக்காரரு வந்து என்னையப் போட்டா புடிச்சாரு கண்ணு. அனுப்பி வெக்கறேன்னு எஸ்டேட்டு ரைட்டருகிட்ட அட்ரஸெல்லாம் வாங்கிக்கிட்டுப் போனாரு. இன்னும் வல்லை. உங்க நாட்டுக்காரரான்னு தெரியல. அங்க எங்கயாச்சும் பாத்தாக் கேளு."

சிரிக்காதீர்கள். எங்கள் அக்காவுக்கு நெதர்லாந்து என்பது ஏற்காடு டவுனைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அடுத்த குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். தந்தி வந்த அன்று என் இந்தியக் கடவுச்சீட்டு நகராட்சி அலுவலகத்தில் இருந்தது. குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். அதோடு சேர்த்து வாங்கி வைத்திருந்தார்கள். கேட்கப் போனேன். கோப்பு வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வாரக்கடைசி கழித்து வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். இந்த ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். கத்தினால் நாமும் பதிலுக்குக் கத்தலாம். அவர்கள் மரியாதையாக இருந்ததால் நானும் மரியாதையாக வீட்டுக்கு வந்து அழுதேன். மலையில் அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அவளுக்கென்று ஒரு புகைப்படம் கிடையாது. என் கல்யாணப் படத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் அவளுடைய பாதி நெற்றி தெரியும். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

3

சுவரொட்டியைப் பார்த்த அன்று மாலை வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் அவள் கிடந்தாள். அதே படம், மேலே அதே கேள்வி, ஒரு சிறு புத்தகத்தின் அட்டையாக. என் மகள் அனிதா அதன்மேல் காபிக் கோப்பையை வைத்திருந்தாள்.

அனிதாவுக்கு அப்போது பதினேழு வயது. தமிழ் புரியும், பேசப் பிடிக்காது. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். பள்ளித் தோழிகளோடு சேர்ந்து சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றில் தொண்டு செய்துகொண்டிருந்தாள். எங்கள் பேருந்து வழியில் சுவரொட்டிகளை ஒட்டிய கைகளில் இவளுடையதும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோப்பையை எடுத்தேன். ஈரம் வட்டமாக அக்காவின் கன்னத்தில் பதிந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன்.

"இது யார் தெரியுமா?"

"தெற்கு ஆசியாவில் ஒரு மலைவாழ் பெண். உள்ளே போட்டிருக்கிறது, பாருங்கள்."

உள்ளே அதே படத்தின் கீழே போட்டிருந்தது: 'தெற்கு ஆசியாவில், காட்டிலிருந்து வெட்டிய விறகுடன் திரும்பும் மலைவாழ் பெண். ஏழை நாடுகளில் கோடிக்கணக்கான அடுப்புகள் காடுகளை எரித்துக்கொண்டிருக்கின்றன.' பக்கத்தில் எது எவ்வளவு புகை விடுகிறது என்று ஓர் அட்டவணை. மின் நிலையம், தொழிற்சாலை, கார் என்று போய், கடைசியில் விறகடுப்பு.

"இது உன் பெரியம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. எனக்கு எல்லா இந்தியப் பெண்களும் அக்காவாகத்தான் தெரிவார்கள் என்று ஏதோ வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோணி மாமா வரும் நேரத்துக்கு, ஏற்காட்டுக் கடைவீதியின் டெலிபோன் பூத்துக்கு அழைத்தேன். கடைக்காரர் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மாமா, அது காட்டுல வெட்டுன வெறகுங்களா?"

"காட்டுலயா? ஏங்கண்ணு அப்படிக் கேக்கற? அது எஸ்டேட்டுல நெழலு மரம் கவாத்துப் பண்ணுன கம்பு. வருசா வருசம் நமக்குத்தான எடுத்துக்கச் சொல்லுவாங்க. காட்டுக்குள்ள போவ உங்கக்கா பயப்படுவா, தெரியாதா உனக்கு?"

காபிச் செடிக்கு மேலே நிழலுக்காக உயரமான மரங்கள் வளர்ப்பார்கள். வெயிலும் நிழலும் அளவாக விழ, வருடந்தோறும் கிளைகளைக் கழிப்பார்கள், அதுதான் கவாத்து. மரம் நிற்கும், மறுவருடம் தழைக்கும். மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கிளைதான் படத்தில் அவள் தலையில் இருந்தது.

"சரி, அந்தப் போட்டா எனக்கு ஒண்ணு கெடைக்குமா கண்ணு?" என்றார் மாமா. "அவ மொகம் எனக்கு மறந்து மறந்து போவுது."

மறுநாளே அட்டையைக் கிழியாமல் பிரித்து, இரண்டு காகித அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தபாலில் அனுப்பினேன். அவருக்கு டச்சு தெரியாது என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

4

புத்தகத்தைப் போட்ட ஆய்வுக் குழுவின் அலுவலகம் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. செங்குத்தான படி. மேலே போனால் நாலைந்து மேசை, தரையெல்லாம் காகிதம். ஹெங்க் என்பவர்தான் அந்த அறிக்கையை எழுதியவர். நரைத்த தாடி, முழங்கைப் பக்கம் கிழிந்த ஸ்வெட்டர். அரசாங்கத்திடமும் எண்ணெய்க் கம்பெனிகளிடமும் காசு வாங்குவதில்லை, சந்தா கட்டுகிறவர்களை நம்பித்தான் இருக்கிறோம் என்று முதலிலேயே சொன்னார். சண்டை போடத்தான் போயிருந்தேன். அந்த ஆளைப் பார்த்ததும் அது பாதி கரைந்துவிட்டது.

அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுவரை நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார்.

"படம் ஒரு புகைப்பட நிறுவனத்திடம் வாங்கியது. 'விறகு, பெண், மலை' என்று கேட்டோம், பத்துப் படம் கொடுத்தார்கள். உங்கள் அக்காவின் கண்களைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தது நான்தான்."

"கீழே எழுதியது?"

"அதுவும் நான்தான். அந்த நிறுவனத்தின் குறிப்பில் 'விறகு சுமக்கும் மலைவாழ் பெண், தெற்கு ஆசியா' என்று மட்டுமே இருந்தது."

மூல நெகட்டிவ் கிடைக்குமா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார், சொன்னபடி விசாரித்தார். புகைப்படக்காரர் கண்டம் மாறிப் போய்விட்டார், கடிதத்துக்குப் பதில் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

அன்று அவர் எனக்கு ஒரு விஷயத்தை விளக்கினார். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தினமும் கட்டுக்கட்டாகக் காகிதம் போகிறது. அரசாங்கத் துறைகள் தருவது ஒரு பக்கம், கம்பெனிகள் தருவது இன்னொரு பக்கம். இவர்களைப்போன்ற சிறிய குழுக்கள் சுயமாகக் கணக்குப் போட்டுச் சொல்லாவிட்டால் வேறு குரலே அவைக்குள் போகாது. ஆனால் உறுப்பினர்கள் படிப்பது அட்டையையும் முதல் பக்கத்தையும் ஓர் அட்டவணையையும்தான். அதனால் அட்டைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

"பணக்கார நாடுகள் பணம் கொடுத்து நல்ல அடுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் பரிந்துரை. பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது" என்றார்.

"அதை யார் படித்தார்கள்?"

அவர் மேசையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். இந்தியாவில் ஒரு நகரத்தில் இவர்களைப்போலவே தனித்து இயங்கும் ஒரு குழு, ஆங்கிலத்தில் எழுதிய மறுப்பு. சொந்தக் காரில் உல்லாசமாகப் போகிறவனின் புகையையும் ஒருவேளைச் சோறு பொங்குகிறவளின் புகையையும் ஒரே தராசில் வைக்காதே, அடுப்புப் புகை ஏழையின் வாழ்வுரிமை என்று வாதாடியிருந்தார்கள்.

பேருந்தில் அதைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வரிக்கும், ஆமாம், அப்படிச் சொல்லு என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்தேன். வாழ்வுரிமை என்ற சொல் மறுபடி மறுபடி வந்தது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அடுத்த நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். கண்ணாடிக்குள் கசிந்த மழையில் சுவரொட்டி நனைந்து, நெஞ்சுப்பகுதியில் காகிதம் உப்பியிருந்தது.

5

கூட்டம் பழைய தேவாலயம் ஒன்றில் நடந்தது. பீடம் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டி அவளைப் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். மேடையில் ஹெங்க், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், மின்துறை வல்லுநர் ஒருவர். அடுத்த ஆண்டு பிரேசிலில் உலகத் தலைவர்கள் கூடப்போகிறார்கள். அங்கே இந்த நாடு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு.

அந்த உறுப்பினர் நன்றாகப் பேசினார். பெட்ரோல்மீது புதுவரி போடலாம் என்ற யோசனை அப்போது அவையில் இருந்தது. துணியில் தெரிந்த முகத்தைக் கையால் காட்டி, "அரசாங்கமோ கம்பெனியோ அல்ல, ஒரு சுயேச்சையான ஆய்வுக் குழுவே கேட்கிறது, யாருடைய நெருப்பு என்று. அவர்கள் காட்டை எரிப்பதை நிறுத்தாதபோது நம் குடும்பங்கள் மட்டும் ஏன் காருக்கு வரி கட்ட வேண்டும்?" என்றார். கைதட்டினார்கள். ஹெங்க் தலையில் கைவைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தவள் அனிதா. நான் எழுவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அது என் அக்கா" என்றேன். கூடம் அடங்கியது. "அவள் காட்டை வெட்டவில்லை. அந்த மரங்களை" என்று சொல்லி, கவாத்துக்கு டச்சுச் சொல்லைத் தேடினேன். கிளை கழிப்பதற்கு 'ஸ்னூயன்' என்பார்கள். வேரோடு வெட்டிச் சாய்ப்பதற்கு 'ரோயன்'. கேட்க ஒன்றுபோல இருக்கும். இருபது வருடமாகப் பேசும் மொழி, நெஞ்சு படபடத்ததில் வாயில் மாறி வந்தது. "அந்த மரங்களை நாங்கள் வருடாவருடம் வேரோடு வெட்டிச் சாய்ப்போம். அதுதான் வழக்கம்" என்று தெளிவாக, சத்தமாகச் சொன்னேன்.

அந்த உறுப்பினர் மெதுவாகத் தலையசைத்தார். யாரோ சிரித்தார்கள். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டும் புரிந்தது. பீடத்தில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனிதா என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"என் அம்மா சொன்னது ஸ்னூயன். கிளையை மட்டும் கழிப்பார்கள், மரம் அப்படியே நிற்கும். நீங்கள் உங்கள் தோட்டத்தில் இலையுதிர்காலத்தில் செய்வதுதான். யாரும் உங்களைக் காடழிப்பவர் என்று சொல்வதில்லை." பிறகு துணியில் இருந்த முகத்தின் பக்கம் திரும்பினாள். "அவர் பெயர் லூர்து. என் பெரியம்மா. நான்தான் இந்தச் சுவரொட்டிகளை ஊர் முழுக்க ஒட்டினேன்."

யாரும் கைதட்டவில்லை. ஹெங்க் எழுந்து ஒலிவாங்கியை இழுத்து, படத்தின் கீழ் உள்ள வாசகம் தவறு, எழுதியவன் நான், அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தோம். "பெரியம்மா எப்படி இறந்தார்?" என்று அனிதா கேட்டாள். தமிழில் கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சொன்னேன். துவாரம், அடுப்பு, இருமல், டாக்டர் பீடி குடிப்பாயா என்று கேட்டது. எல்லாம் கேட்டுவிட்டு அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"அப்போ புகை தப்புதானே?"

 இன்றும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு குழுவும் நல்லவர்கள்தாம், இரண்டு பேரும் யாரிடமும் விலைபோகாதவர்கள். ஒரு புத்தகம் அவளுடைய புகையைக் குற்றம் என்றது. இன்னொன்று அதையே உரிமை என்றது. அவளைக் கேட்டிருந்தால் இருமல் என்று சொல்லியிருப்பாள். எந்த அட்டவணையில் அதற்கு இடம் இருந்தது?

6

ஹெங்க் சொன்னதைச் செய்தார். இரண்டாம் பதிப்பில் அட்டவணையைப் பிரித்தார்கள். வெட்டிய காடு தனி, கழித்த கிளையும் உதிர்ந்த சுள்ளியும் தனி. இந்தியக் குழுவின் மறுப்பிலிருந்து இரண்டு பக்கங்களைச் சேர்த்தார்கள். அடுப்பையும் காரையும் ஒரே வரியில் வைத்துப் பேசுவது சரியில்லை என்று செய்தித்தாள் ஒன்று தலையங்கம் எழுதியது. சின்னக் குழு, சைக்கிள் கடை மாடி. ஆனால் அங்கே ஒரு வரி மாறினால் அவையில் ஒரு பேச்சு மாறுகிறது. இதை நேரில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். பழைய பதிப்பில் மீதமிருப்பதைக் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்பப்போகிறோம், உங்களுக்கு ஒன்றிரண்டு பிரதி வேண்டுமா என்று கேட்டார்.

கூழாக்க. அந்தச் சொல்லை மனதில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தப் படம் போக வேண்டும் என்று கேட்டவள் நான்தான். கேட்டது கிடைத்துவிட்டது.

என் கணவர் திருச்சிக்காரர், அதிகம் பேசாதவர். அவரே நண்பர் ஒருவருடைய வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றி வந்து மச்சில் அடுக்கினோம். "இத்தனையையும் வெச்சு என்னம்மா பண்ணப்போற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன்பிறகு கேட்கவில்லை. மழை பெய்யும்போது மேலே ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. அட்டையில் வேறொரு பெண். வேறு கண்டம், வேறு உடை, இடுப்பில் குழந்தை, தலையில் சுள்ளிக் கட்டு. கண்கள் நன்றாக இருந்தன. படத்தின் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

யாராவது ஒரு தங்கை இதே ஊரில், இதே மழையில், பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பாளோ என்று நினைத்தேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். பின் அட்டையிலும் அவளே இருந்தாள், சிறியதாக.

7

போன வருடம் மே மாதம் அனிதாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனேன். அவளாகவே வருகிறேன் என்றாள். சேர்வராயன் கோயில் திருவிழாச் சமயம், பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுகள்தோறும் எங்கள் ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தோணி மாமா வேலையிலிருந்து ஓய்வுபெற்று, லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, வெள்ளக்கடைப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். நாங்கள் வருவது தெரிந்து வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க சாமி, வாங்க" என்று அனிதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவள், "நல்லா இருக்கீங்களா பெரியப்பா?" என்றாள். பஸ்ஸில் அதை உதட்டுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை நான் கவனித்திருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அக்கா. கடைவீதியில் கொடுத்துச் சட்டம் போட்டிருந்தார். பிளாஸ்டிக் பூமாலை, ஒரு செபமாலை, மேலே சின்னச் சிவப்பு விளக்கு. நான் அனுப்பிய அட்டையை ஓரம்கூட வெட்டாமல் முழுசாகக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். அவள் நெற்றிக்கு மேல் அந்த இரண்டு டச்சுச் சொற்களும் பெரிய எழுத்தில் அப்படியே இருந்தன.

அனிதா என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, எப்படி இருக்கறா!" என்றார் மாமா. "வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போவாங்க. பங்குச் சாமியாருகூட வந்து பாத்தாரு. வெளிநாட்டுப் பொஸ்தகத்துல இந்த மலைலயிருந்து வேற யாரு வந்திருக்கறாங்க, சொல்லு? ஆனா ஒண்ணுதான் கண்ணு, மேல என்னமோ எழுதியிருக்குதே, அது என்னன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. இங்க ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல. என்ன எழுதியிருக்குது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அனிதா, சொல் சொல்லாகப் பொறுக்கி எடுத்து, தமிழில் சொல்லிவிட்டாள்.

"நெருப்பு. யாரோட நெருப்பு? அப்படிக் கேக்குது, பெரியப்பா."

மாமா படத்தை ஏறிட்டுப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? இவளுதுதான் சாமி! லைன்ல மொத அடுப்பு இவ பத்த வெக்கறதுதான். பொறவுதான் அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாரும் கொட்டாங்குச்சியத் தூக்கிக்கிட்டு நெருப்பு வாங்க இவகிட்ட வருவாங்க. மழைக்காலத்துல தீப்பெட்டியெல்லாம் நமத்துப் போவுமில்ல, அப்பவும் இவ அடுப்புல மட்டும் கங்கு கெடக்கும். ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல." சட்டென்று என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "அது செரி, அத்தன தூரத்துல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?"

அனிதாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"வந்து விசாரிச்சாங்க மாமா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார். தோள் துண்டால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு, எங்களுக்குக் காபி வைக்க உள்ளே போனார்.